சி எங்கே, கே எங்கே? பிள்ளைகளுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுப்பது பற்றி ஓர் இழை

கேள்வி | 8 ஜூன் 2025

மகன் இரண்டாம் வகுப்பு. ஏ முதல் ஸெட் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பூனைக்கு இங்கிலீஷில் எழுது என்றால் கே-ஏ-டி என்று எழுதுகிறான். "க் சத்தத்துக்கு கே இருக்கே அப்பா, அப்புறம் சி எதுக்கு?" என்கிறான். என்னிடம் பதில் இல்லை. நானும் உருப்போட்டுப் படித்தவன்தான். பள்ளியில் வாரம் ஒரு டிக்டேஷன், தப்பான சொல்லுக்குப் பத்து முறை இம்போசிஷன். ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு விதி என்று ஒன்றும் கிடையாது, மனப்பாடம் ஒன்றே வழி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள். தெருவுக்குத் தெரு ஃபோனிக்ஸ் (எழுத்தின் சத்தத்தை வைத்துப் படிக்கும் முறை) வகுப்பு போர்டு தொங்குகிறது, சேர்க்கலாமா?

பதில் | 8 ஜூன், இரவு

விதி இருக்கிறது. உங்கள் மகன் கேட்டதற்கே இருக்கிறது.

க் என்ற சத்தம் வந்து, அடுத்து ஏ, ஓ, யூ அல்லது வேறொரு மெய் வந்தால் சி போட வேண்டும். பூனை, கப், காட் (கட்டில்), க்ளாப், க்ரை எல்லாம் இப்படித்தான். அடுத்து இ, ஐ, ஒய் வந்தால் கே. கிட், கிங், கெட்டில், கீ. காரணம் எளிது. சி-க்குப் பின்னால் இ, ஐ, ஒய் வந்தால் அது ஸ் என்று ஒலிக்கும்: சிட்டி, சென்ட், சைக்கிள். 'கிட்' என்பதை சி-ஐ-டி என்று எழுதிப் பையனிடம் காட்டுங்கள். 'சிட்' என்று படிப்பான். அந்த இடத்துக்கு கே ஏன் வந்தது என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

சொல்லின் கடைசிக்குத் தனிக் கணக்கு. குறில் உயிருக்குப் பின்னால் உடனே க் வந்து ஒரே அசையில் சொல் முடிந்தால் சி-கே: பேக், நெக், சிக், லாக், டக். இடையில் இன்னொரு மெய் வந்தாலோ, இரண்டு உயிரெழுத்து சேர்ந்து நின்றாலோ கே மட்டும்: மில்க், டெஸ்க், வீக், புக். பல அசைச் சொல் இக் என்று முடிந்தால் சி: மியூசிக், பிக்னிக், டிராஃபிக்.

கங்காரு, கராத்தே, கோலா (கரடி போன்ற விலங்கு) மூன்றும் இதற்கு அடங்காது. மூன்றும் வேற்று மொழியிலிருந்து வந்தவை. அதையும் பிள்ளையிடம் சொல்லலாம், ரசிப்பார்கள்.

ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதும்போது இரண்டு பி-யும் ஒன்றாகத் தெரியும், இரண்டு டி-யும் அப்படியே. குழப்பம் வரும் இடத்தில் பஸ் பி, பென் பி என்றும், டாக் டி, டைகர் டி என்றும் எழுதுகிறேன்.

10 ஜூன்

ஏ முதல் ஸெட் வரை தெரியும் என்றீர்கள். அவனுக்குத் தெரிந்தது எழுத்துகளின் பெயர். படிக்கவும் எழுதவும் வேண்டியது எழுத்தின் சத்தம். டபிள்யூ என்ற பெயரில் அதன் சத்தம் எங்காவது இருக்கிறதா? ஒய் என்ற பெயர் ஆங்கிலத்தில் வ் சத்தத்தோடு தொடங்குகிறது. என்னிடம் மாலை ட்யூஷனுக்கு வரும் ஒரு பெண் குழந்தை 'வெட்' என்பதை ஒய்-இ-டி என்று எழுதினாள். பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் அவள் எழுதியதில் குற்றமே இல்லை.

சத்தம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நம் ஊர் வகுப்புகளில் ஒரு கோளாறு உண்டு. 'கா - ஆ - டா, கேட்' என்று கோரஸாகச் சொல்ல வைக்கிறார்கள். கா, ஆ, டா மூன்றையும் சேர்த்தால் 'காஆடா'தான் வரும். பிள்ளை முழிக்காமல் என்ன செய்யும்?

நமக்குப் புள்ளி வைத்த எழுத்து இருக்கிறது. க், ச், ட், ப், ம் எல்லாம் உயிர் ஒட்டாத சத்தம் என்பது இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். க் கூட அ சேர்ந்தால் க என்று முதல் வகுப்பிலேயே சேர்த்துப் பழகியவர்கள். 'எம்-முக்குச் சத்தம் ம், மா இல்லை. எஸ்-ஸுக்கு ஸ், ஸா இல்லை' என்று ஒரு முறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறார்கள். க், ட், ப் போன்ற வெடிக்கிற சத்தத்தை உயிரே ஒட்டாமல் சொல்ல முடியாது என்பது சரி. அதைச் சுருக்கமாக வெட்டிச் சொன்னால் போதும்.

தொடங்கும் வரிசையும் முக்கியம். ஏ, பி, சி, டி வரிசை அகராதி பார்க்க. படிக்க அல்ல. இங்கிலாந்து அரசு 2007-இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் முதலில் எஸ், ஏ, டைகர் டி, பென் பி, ஐ, என். இந்த ஆறும் தெரிந்தால் ஸாட், பின், டின், டேப், நேப், ஆன்ட் (எறும்பு) என்று முதல் வாரமே சொற்களைப் படிக்கலாம். சொல் படித்துவிட்ட குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கப்புறம் உட்கார வைக்க மிரட்டல் வேண்டியதில்லை.

11 ஜூன்

கீழே ஒருவர் 'ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி ஃபிஷ் என்று படிக்கலாம், அவ்வளவு கிறுக்கு மொழி' என்று போட்டிருக்கிறார். எனஃப்-பில் ஜி-எச் ஃப் ஆகிறது, விமென்-இல் ஓ இ ஆகிறது, நேஷன்-இல் டி-ஐ ஷ் ஆகிறது, ஆக மொத்தம் ஃபிஷ் என்பது வாதம். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னதாகத்தான் எல்லோரும் பகிர்வார்கள். அவர் பிறந்தது 1856. இந்த வேடிக்கை 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது.

இதே வேடிக்கைதான் விதி உண்டு என்கிற என் கட்சிக்கு நல்ல சாட்சி. அதைப் படிக்கச் சொன்னால் ஆங்கிலம் தெரிந்த யாரும் ஃபிஷ் என்று படிக்கமாட்டார்கள், 'கோட்டி' என்பார்கள். ஏனென்றால் ஜி-எச் சொல்லின் தொடக்கத்தில் ஒருபோதும் ஃப் ஆகாது. தொடக்கத்தில் அது ஜி-யின் கெட்டிச் சத்தம், கோஸ்ட் (பேய்) மாதிரி. நடுவில் பெரும்பாலும் ஊமை, நைட், லைட் மாதிரி. சொல்லின் கடைப்பகுதியில், அதுவும் எனஃப், ரஃப், டஃப், காஃப் (இருமல்), லாஃப் என்ற ஒரு சின்னக் கூட்டத்தில்தான் ஃப். டி-ஐ ஷ் ஆவதும் ஆன், அல் போன்ற ஈறு பின்னால் வரும்போதுதான். சொல்லின் கடைசியில் ஆகாது.

எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் ஆங்கிலத்தைத் திட்டுவது நியாயமில்லை. நம் எழுத்தும் அப்படித்தான் நடக்கிறது. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ப-வரிசைதான். முதல் ப பென் பி, கடைசிப் பு பஸ் பி. 'தந்தம்', 'கங்கு' இரண்டும் இதே கதை. எந்தக் குழந்தைக்கும் நாம் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக இடம் பார்த்துப் படிக்கிறது. இடம் பார்த்துச் சத்தம் மாற்றும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு. அதை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிடுவதுதான் நம் வேலை.

கோஸ்ட்-டில் அந்த எச் எதற்கு என்று கேட்டால்: 1476-இல் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த காக்ஸ்டன் அதற்கு முன் பல ஆண்டுகள் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) இருந்தவர். அந்த ஊர்க்காரர்களின் எழுத்துப் பழக்கம் அச்சில் ஏறி நிலைத்துவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேய்க்கதையாகவே சொல்கிறேன், அந்தச் சொல்லை யாரும் தப்பாக எழுதுவதில்லை.

11 ஜூன், சற்று பின்பு

கலர் என்பதற்கு யூ வேண்டுமா வேண்டாமா என்று கேட்டவருக்கு: பள்ளி எதைக் கேட்கிறதோ அது. நம் பாடநூல் பிரிட்டன் வழி, யூ உண்டு. அமெரிக்காவில் யூ-வை எடுத்தது வெப்ஸ்டரின் 1828 அகராதி வழியாகப் பரவியது. கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை இரண்டையும் காணும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதே என்று சொன்னால் போதும்.

15 ஜூன்

பாம்பு பற்றி எழுதியதற்கு ஓர் அம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். 'என் பெண்ணுக்கு பின் என்றாலும் பஸ் பி போட்டு பின் (குப்பைத் தொட்டி) என்றாலும் ஒரே மாதிரி கேட்கிறது. காதில் கோளாறா?'

காதில் கோளாறு இல்லை. தமிழில் அந்த இரண்டு சத்தத்துக்கும் ஒரே எழுத்து, சொல்லின் முதலில் பஸ் பி சத்தம் தமிழ்ச் சொல்லுக்கு வராது. அதனால் காது அந்த வேறுபாட்டை அங்கே தேடுவதில்லை. தேடச் சொல்லிப் பழக்க வேண்டும். நான் செய்வது இது. ஆங்கிலச் சத்தத்தைத் தமிழ்ச் சொல்லிலிருந்தே எடுத்துக் கொடுப்பேன்.

'பக்கம்' சொல்லு, நடுவில் வருகிற சத்தம் கே. 'தங்கம்' சொல்லு, நடுவில் வருவது ஜி-யின் கெட்டிச் சத்தம்.
'பச்சை' என்றால் சி-எச். 'பஞ்சு' என்றால் ஜே.
'பட்டம்' என்றால் டைகர் டி. 'வண்டி' என்றால் டாக் டி.
'அப்பம்' என்றால் பென் பி. 'அம்பு' என்றால் பஸ் பி.

இரட்டித்தால் அழுத்தமான சத்தம், மூக்கெழுத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்கிற சத்தம். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொன்னால் அதிர்வு தெரியும். டைகர் டி-யும் நம் ட்ட-வும் நாக்கு படும் இடத்தில் கொஞ்சம் வேறுபடும், அதை இந்த வயதில் பெரிதுபடுத்த வேண்டாம். அப்புறம் குப்பைத்தொட்டிப் படம், குண்டூசிப் படம் இரண்டையும் முன்னால் வைத்து நான் சொல்லச் சொல்லக் குழந்தை தொட வேண்டும். எழுத்தே கிடையாது, காது மட்டும். இதில் தேறாமல் டிக்டேஷனுக்குப் போனால் குழந்தை ஊகித்துத்தான் எழுதும்.

இன்னும் இரண்டு இடத்தில் நம் வாய் ஸ்பெல்லிங்கைக் கெடுக்கும். புக்கு, பஸ்ஸு, பேக்கு என்று கடைசியில் ஓர் உ சேர்த்துச் சொல்வோம். பிள்ளை அந்த உ-வுக்கும் ஓர் எழுத்துத் தேடி யூ போடும். முட்டையை 'யெக்கு' என்று சொல்கிற வீட்டுப் பிள்ளை ஒய்-யில் ஆரம்பிக்கும். வீட்டில் பேசுகிறபடி பேசட்டும், அதைக் கேலி செய்யவே கூடாது. எழுதப் போகும்போது மட்டும் 'வாயை மூடி முடி' என்று ஒரு சைகை வைத்துக்கொள்கிறோம்.

16 ஜூன்

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம். 'கேட்' என்று எழுதினால் அது பூனையா, வாசல் கதவா? 'பேட்' என்றால் மட்டையா, கெட்டதா, எழுதும் அட்டையா? பிள்ளை ஆங்கில எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு மேலே இருக்கிற தமிழைப் படிக்கும். பொருளைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், அது நல்லது.

22 ஜூன்

மந்திர இ. எல்லா ஃபோனிக்ஸ் வகுப்பிலும் இது உண்டு. கிட் கடைசியில் இ சேர்ந்தால் கைட். பின், பைன். நாட், நோட். கட், க்யூட். கடைசி இ வாய் திறக்காது, நடுவில் இருக்கிற உயிரை அதன் பெயர் சொல்ல வைக்கும்.

சொல்லிக்கொடுப்பது சுலபம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தொல்லை அடுத்த வாரம் வரும். ஹாவ், கிவ், லிவ் மூன்றிலும் இ இருக்கிறது, உயிர் நீளவில்லை. 'மிஸ், மந்திரம் வேலை செய்யலை' என்பார்கள். 'இது விதிவிலக்கு' என்று சமாளிக்காதீர்கள். அந்த இ-க்கு அங்கே வேலை வேறு. ஆங்கிலச் சொல் வி-யில் முடியாது, அதனால் வி-க்குப் பின்னால் ஓர் இ நிற்கும். டான்ஸ் என்பதில் அது சி-யை ஸ் ஆக்க நிற்கிறது. லார்ஜ் என்பதில் ஜி-யை ஜ் ஆக்க. ஹவுஸ் என்பதில் கடைசி எஸ் பன்மை எஸ் இல்லை என்று காட்ட. ஊமை இ-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலை உண்டு என்று முதல் நாளே சொல்லி வைத்தால் பிள்ளை அந்தந்தச் சொல்லில் 'இந்த இ எந்த வேலை பார்க்குது?' என்று தானே கேட்கும்.

லவ், கம், சம் என்பவற்றில் அ சத்தத்துக்கு ஓ ஏன் என்றால், பழைய கையெழுத்தில் யூ, என், எம், வி எல்லாம் ஒரே மாதிரிச் செங்குத்துக் கோடுகள். அடுத்தடுத்து வந்தால் படிக்க முடியாது. எழுதியவர்கள் யூ-வை ஓ ஆக்கிப் பிரித்துக் காட்டினார்கள்.

23 ஜூன்

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, இந்த இழையில் எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாப் (தத்து), ஹோப் (நம்பிக்கை). இரண்டோடும் இங் சேர்த்தால்? ஹாப் என்பதற்கு பென் பி இரட்டிக்கும். ஹோப் என்பதற்கு இ போய் ஒற்றை பி நிற்கும். ரன், ரன்னிங். ஸ்விம், ஸ்விம்மிங். பிக், பிக்கர். ஆனால் ரைட், ரைட்டிங் (எழுதுதல்) என்பதில் ஒரே டி. ரீட், ரீடிங் என்பதிலும் ஒரே டி. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு வரை போராடுகிற இடம் இது. ஆங்கிலப் புத்தகங்களில் இதை 'ஓர் அசை, ஒரு குறில், ஒரு மெய்' என்று மூன்று நிபந்தனையாகச் சொல்வார்கள்.

இப்போது இதைப் பாருங்கள். கல் + இல் = கல்லில். கால் + இல் = காலில். பல் + ஐ = பல்லை. பால் + ஐ = பாலை. கண் + ஐ = கண்ணை. தேன் + ஐ = தேனை.

'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.' நன்னூல் விதி, பள்ளிப் புணர்ச்சிப் பாடத்தில் எல்லோரும் படித்தது. தனியாக ஒரு குறில், அடுத்து ஒரு மெய், அதற்குப் பின் உயிரில் தொடங்கும் ஈறு வந்தால் மெய் இரட்டும். நெடிலானால் இரட்டாது. ஒரு சொல் மாற்றாமல் ரன், ரன்னிங்-குக்குப் பொருந்துகிறது. 'அவன்' என்பதில் தனிக்குறில் இல்லை, அதனால் அவன் + ஐ = அவனை. அங்கேயும் ஓபன், ஓபனிங், விஸிட், விஸிட்டிங் எதிலும் இரட்டுவதில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்னூல் பெயரே வேண்டாம். 'கல் கூட இல் சேர்த்துச் சொல்லு', 'கால் கூட இல் சேர்த்துச் சொல்லு' என்று கேட்பேன். கல்லில், காலில் என்று யோசிக்காமல் சொல்லும். 'ஏன் இதுக்கு ரெண்டு ல், அதுக்கு ஒண்ணு?' என்று கேட்டால் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறி முணுமுணுக்கும். பிறகு ஏதாவது ஒரு குழந்தை 'கல் குட்டி, கால் நீளம்' என்று சொல்லும். அவ்வளவுதான், விதியைக் குழந்தையே சொல்லியாகிவிட்டது. அடுத்த நிமிடம் ரன், ஸ்விம், ஹோப் என்று போர்டில் எழுதினால் எதற்கு இரட்டிப்பு என்று அவர்களே பிரிக்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழை வைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியானது. தமிழை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கி நிற்கிறதென்றால், அதற்குத் தெரிந்ததை நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

24 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு வந்த எதிர்க்கேள்வி: பிகின், பிகின்னிங் என்பதில் இரட்டிக்கிறதே? ஆமாம், ஆங்கிலத்தில் பல அசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் அதுவும் இரட்டும். தமிழ் ஒப்பீடு அங்கே நின்றுவிடும். ஆறாம் வகுப்புக்கு மேல் சொல்லிக்கொள்ளலாம். ஜம்ப், ஹெல்ப் என்பவற்றில் ஏற்கெனவே இரண்டு மெய் இருப்பதால் இரட்டிக்க வேண்டியதில்லை.

பெல், ஹில், மிஸ், ஆஃப் போன்ற ஓரசைச் சொல்லில் குறிலுக்குப் பின்னால் எஃப், எல், எஸ் இரட்டிக்கும் என்பதையும் இதோடு சேர்க்கலாம். பஸ் என்பதற்கு ஏன் ஒரே எஸ்? அது ஆம்னிபஸ் என்ற நீண்ட சொல்லின் வால். பெரிய சொல்லை வெட்டியபோது ஒட்டிக்கொண்டு வந்தது ஒரே எஸ்தான்.

2 ஜூலை

'ஐ முதலில், இ பின்னால், சி-க்குப் பின் மட்டும் மாறும்' என்ற பாட்டைச் சொல்லிக்கொடுக்கலாமா? நான் விட்டுவிட்டேன். வியர்ட், சீஸ் (பற்று), தெயர், சயின்ஸ், ஸ்பீஷீஸ் என்று மீறுகிற சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இங்கிலாந்திலேயே 2009-இல் ஆசிரியர்களுக்கான அரசு வழிகாட்டி, இது சொல்லிக்கொடுக்கத் தக்கதல்ல என்று எழுதிவிட்டது. ரிசீவ், சீலிங், ரிசீட், டிசீவ் நான்கையும் ஒரே கொத்தாக எழுதிப் பழகினால் வேலை முடிந்தது.

6 ஜூலை

இம்போசிஷன் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். தப்பான சொல்லைப் பத்து முறை எழுதுகிற பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் முதல் எழுத்தை மேலிருந்து கீழாக வரிசையாக எழுதும். பிறகு இரண்டாம் எழுத்து. அப்புறம் மூன்றாவது. நாலு கோடு நோட்டில் பத்தி பத்தியாக இறங்கும். கை வலித்ததுதான் மிச்சம், ஒரு தடவைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை.

டிக்டேஷன் மேல் எனக்கு வருத்தமில்லை. சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் வருத்தம். ஆப்பிள், ஆரஞ்ச், பனானா, கிரேப்ஸ் என்று பழப் பட்டியல் கொடுக்கிறார்கள். நான்கும் நான்கு விதமான ஸ்பெல்லிங். அதில் பிள்ளை எந்த ஒழுங்கைக் காணும்? ரெயின், ட்ரெயின், பெயின்ட், டெயில் கொடுங்கள், கூடவே டே, ப்ளே, சே, வே கொடுங்கள். ஒரே சத்தம் நடுவில் வந்தால் ஏ-ஐ, கடைசியில் வந்தால் ஏ-ஒய் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். காயின், பாய்ல் என்பவற்றுக்கு ஓ-ஐ. பாய், டாய் என்பவற்றுக்கு ஓ-ஒய். அதே இடக்கணக்குதான். ஆங்கிலச் சொல் ஐ-யில் முடிய விரும்பாது. டாக்ஸி மாதிரி முடிவது பெரும்பாலும் சுருக்கமோ கடனோ.

திருத்துவதிலும் பேதம் வேண்டும். ரெயின் என்பதை ஒரு குழந்தை ஆர்-ஏ-என்-இ என்று எழுதுகிறது. இன்னொன்று ஆர்-ஐ-ஏ-என் என்று எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு போடுவார்கள். முதல் குழந்தை எல்லாச் சத்தத்தையும் கேட்டு, மந்திர இ-யும் போட்டிருக்கிறது. அதற்குத் தெரிய வேண்டியது இந்தச் சொல்லில் ஏ-ஐ என்பது மட்டும். இரண்டாவது குழந்தை சொல்லை நிழலாக நினைவு வைத்து எழுதியிருக்கிறது, சத்தத்தைத் தொடவே இல்லை. அதோடு உட்கார்ந்து முதலிலிருந்து வர வேண்டும்.

என் ட்யூஷனில் ஒரு பொடியன் 'நான் இரண்டு முட்டை சாப்பிட்டேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினான். முட்டைகளுக்கு ஒரே ஓர் எழுத்து: எக்ஸ். அத்தனை பேரும் சிரித்தோம், அவனும் சேர்ந்து சிரித்தான். காது கூர்மையானவன்.

7 ஜூலை

ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று முதலில் கேட்டிருந்தார், பதில் சொல்லாமல் இருக்கிறேன். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். சத்தத்தை வால் ஒட்டாமல் சொல்கிறார்களா, தனிச் சத்தங்களைச் சேர்த்துச் சொல்லாக்கும் பயிற்சி தினமும் உண்டா, பிள்ளை அன்று படித்த எழுத்துகளால் மட்டும் ஆன சின்ன வாக்கியங்களைப் படிக்கக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பாட்டும் ஆட்டமும் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்துக்குக் கதைப்புத்தகம் வாங்கலாம்.

அர்த்தமில்லாத சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை உண்டு. 40 சொற்கள், அதில் 20 பொய்ச் சொற்கள், பக்கத்தில் விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். குழந்தை மனப்பாடத்தில் படிக்கிறதா, எழுத்தைப் பார்த்துப் படிக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் பொய்ச் சொல். அதைப் போய் மனப்பாடம் செய்ய வைத்தால் சோதனைக்கே பொருள் போய்விடும்.

13 ஜூலை

உருப்போட வேண்டிய சொல்லே இல்லையா என்றால், உண்டு. செட் (சொன்னான்), வாஸ், வாட், ஒன், டூ, ஒன்ஸ். பேச்சில் அதிகம் புழங்குபவை என்பதால் தவிர்க்கவும் முடியாது. அங்கேயும் முழுச் சொல்லும் கோணல் இல்லை. செட் என்பதில் எஸ் சரி, டி சரி. நடு ஏ-ஐ மட்டும் கோணல். அந்த இடத்தை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடச் சொல்கிறேன். மனப்பாடச் சுமை அந்த வட்டத்தின் அளவுக்குக் குறைந்துவிடும்.

டூ (இரண்டு) என்பதில் டபிள்யூ எதற்கு என்று பெரிய பிள்ளைகள் கேட்டால் ட்வெல்வ், ட்வென்டி, ட்வின், ட்வைஸ் எல்லாவற்றையும் கீழே கீழே எழுதுங்கள். அங்கெல்லாம் டபிள்யூ வாய் திறக்கிறது. சைன் என்பதில் ஊமையாக இருக்கிற ஜி, சிக்னல் என்பதில் பேசுகிறது. டெட் (கடன்) என்பதில் பஸ் பி ஒருகாலத்தில் கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலப் பண்டிதர்கள் சேர்த்துவிட்டது.

14 ஜூலை

கடந்தகால இ-டி. ஜம்ப்ட் என்று சொல்லும்போது கடைசியில் ட், ப்ளேய்ட் என்பதில் அதிர்கிற ட், வான்டட் என்பதில் இட். மூன்று சத்தம், எழுதுவது எப்போதும் இ-டி. காதை நம்பி எழுதுகிற நல்ல பிள்ளை இங்கே டைகர் டி போடும். 'நேத்து நடந்ததுன்னா இ-டி' என்று அர்த்தத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பன்மை எஸ்-ஸும் இதே: கேட்ஸ், டாக்ஸ் இரண்டும் எழுதுவது எஸ், டாக்ஸ்-இல் கேட்பது அதிர்கிற சத்தம்.

20 ஜூலை

தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவாகவே சொல்கிறேன், பெயர் இல்லாமல். பஸ் பி-யையும் டாக் டி-யையும் மாற்றிப் போடுவது ஆறு, ஏழு வயது வரை மிகச் சாதாரணம். கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்கிற எழுத்துகள். அதைத் தாண்டிய வயதில், தமிழிலும் எழுத்துக்கூட்ட முடியாமல், வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிற பிள்ளை எழுத்தில் மட்டும் தடுமாறினால், சோம்பேறி என்று அடிக்காதீர்கள். டிஸ்லெக்ஸியா இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்காகவே வேலை செய்கிறது. சீக்கிரம் காட்டினால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நரகமாகாமல் தப்பும்.

3 ஆகஸ்ட்

இழையைத் தொடங்கியவர் பையனின் நோட்டைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார். பூனைக்கு சி வந்துவிட்டது. கிச்சன் என்பதற்கு கே சரியாகப் போட்டு, நடுவில் டைகர் டி-யை விட்டிருக்கிறான். அதற்கும் அதே குறில் கணக்கு: குறிலுக்குப் பின் உடனே வரும் ச்-க்கு டி-சி-எச். கேட்ச், மேட்ச், கிச்சன். இடையில் மெய் வந்தால் சி-எச் மட்டும், லஞ்ச், பென்ச். இரண்டு உயிரெழுத்து சேர்ந்து நின்றாலும் சி-எச் மட்டும், டீச், கோச். ரிச், மச், சச், விச் (எது) நான்கும் அடங்காதவை, சிவப்பு வட்டம். ஜ் சத்தத்துக்கும் இதே: பிரிட்ஜ், பேட்ஜ் என்பவற்றில் டி-ஜி-இ, லார்ஜ், கேஜ் (கூண்டு) என்பவற்றில் ஜி-இ.

அடுத்து நான் எடுக்கப்போவது ஓ-டபிள்யூ. கவ் (பசு), நவ், ஹவ் ஒரு பக்கம். ஸ்நோ, ஸ்லோ, க்ரோ (வளர்) இன்னொரு பக்கம். எழுத்தும் ஒன்று, நிற்கிற இடமும் ஒன்று, சத்தம் மட்டும் இரண்டு. இடக்கணக்கு இங்கே கைகொடுக்கவில்லை. இப்போதைக்கு இரண்டு கூட்டமாகப் பிரித்து வாக்கியத்தில் படிக்க வைக்கிறேன். வேறு மாதிரி சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பிடிபட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள், திங்கட்கிழமை வகுப்பு.